ஆன்கோஜீன் மட்டும் இருந்தால் கட்டி வளர்ந்துவிடுமா? கொழுப்புச் சமிக்ஞைகள் பற்றி ஓர் இழை

நுண்ணோக்கி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. புற்றுநோய் என்றதும் பேச்சு உடனே மரபணு பக்கம் போய்விடுகிறது. செல்லைப் பெருகத் தூண்டும் ராஸ் மரபணு மாறியிருக்கிறதா, பெருக்கத்தை அடக்கும் ஏபிசி மரபணு கெட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டால் எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் ஆன்கோஜீன் (செல்லைப் புற்றுப் பக்கம் தள்ளும் மாறிய மரபணு) ஏந்திய செல் பல நேரம் எதுவும் செய்யாமல் கிடக்கிறது. அது பெருக ஆரம்பிக்க வேறு ஒன்றும் தேவைப்படுகிறது. அந்த 'வேறு ஒன்று' பல கட்டிகளில் ஒரு கொழுப்பு மூலக்கூறு. இதைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாகப் பேசி நான் பார்த்ததில்லை, அதனால் இந்த இழை.

1940களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஐசக் பெரென்புளும், பிலிப் ஷூபிக் போன்றவர்கள் செய்த எலிச் சோதனைகளிலிருந்து தொடங்குகிறேன். எலியின் முதுகுத் தோலில் டிஎம்பிஏ போன்ற ஒரு புற்றூக்கியை (புற்றைத் தொடங்கிவைக்கும் வேதிப்பொருள்) ஒரே ஒரு முறை, குறைந்த அளவில் தடவுகிறார்கள். ஒன்றும் நடப்பதில்லை. அதன் பிறகு அதே இடத்தில் குரோட்டன் எண்ணெயை வாரக்கணக்கில் திரும்பத் திரும்பத் தடவினால் பாப்பிலோமாக்கள் (தோலில் எழும் சிறு கட்டிகள்) கிளம்புகின்றன. வெறும் குரோட்டன் எண்ணெய் மட்டும் தடவினால் கட்டி கிட்டத்தட்ட வருவதே இல்லை. வரிசையை மாற்றி, எண்ணெய் முதலில், புற்றூக்கி பிறகு என்று செய்தாலும் வருவதில்லை. என்னை இன்றும் உலுக்குவது அடுத்த விஷயம்: புற்றூக்கி தடவிப் பல மாதம் கழித்து எண்ணெயைத் தொடங்கினாலும் கட்டி வருகிறது. அத்தனை மாதமும் அந்தச் செல்கள் சாதாரணத் தோலுக்குள் சத்தமில்லாமல் இருந்திருக்கின்றன.

அந்தச் செல்களுக்குள் என்ன இருந்தது என்பது 1986இல் தெரிந்தது. ஆலன் பால்மெய்ன் குழு அந்த எலிக் கட்டிகளை ஆராய்ந்தபோது பெரும்பாலானவற்றில் ஹெச்-ராஸ் மரபணுவின் 61ஆவது குறிமொழியில் ஒரே வகை எழுத்து மாற்றம் இருந்தது. புற்றூக்கி முதல் நாளே செய்த வேலை அது. சரி, அப்படியானால் எண்ணெய் என்ன செய்தது? 1960களில் ஹைடெல்பெர்க்கில் எரிக் ஹெக்கர் அந்த எண்ணெயிலிருந்து டிபிஏ என்ற ஃபார்பால் எஸ்டரைப் பிரித்தெடுத்தார். 1982இல் ஜப்பானின் யசுடோமி நிஷிசுகா குழு, டிபிஏ நேராகப் புரத கைனேஸ் சி என்ற நொதியைத் தூண்டுகிறது என்று காட்டியது. அந்த நொதியை இயல்பாகத் தூண்டுவது செல்சவ்விலிருந்து உடைந்து வரும் டையாசைல்கிளிசரால் என்ற கொழுப்பு. ஃபார்பால் எஸ்டர் அதன் வேடத்தில் வருகிறது. உடலின் சொந்த டையாசைல்கிளிசராலைச் செல் சில நிமிடங்களில் அழித்துவிடும். டிபிஏ எளிதில் அழியாது, சமிக்ஞை நின்று எரிகிறது.

அதாவது ஆன்கோஜீன் முன்பே இருந்தது. கட்டியைக் கிளப்பியது கொழுப்புச் சமிக்ஞை. இங்கிருந்து பேசலாம்.

வேப்பம்பூ

நுண்ணோக்கி ஐயா, ஒரு சந்தேகம். குரோட்டன் எண்ணெய் என்றால் நேர்வாள எண்ணெய்தானே? நான் சித்த மருத்துவம் படிப்பவள். நேர்வாளத்தைச் சுத்தி செய்து பேதி மருந்துகளில் சேர்ப்பதைப் பாடத்திலேயே படிக்கிறோம். இதைப் படித்ததும் கொஞ்சம் பதறிவிட்டேன்.

நுண்ணோக்கி

ஆமாம் அம்மா, அதே செடிதான். குரோட்டன் டிக்லியம் என்பது நம்ம நேர்வாளம். ஆனால் சோதனையில் நடந்ததை அப்படியே மருந்துக்கு ஏற்றிவிடக் கூடாது. அங்கே ஏற்கெனவே ராஸ் மாற்றம் ஏற்படுத்தப்பட்ட எலித் தோலில், வாரம் இரண்டு முறை போல, மாதக்கணக்கில் தடவினார்கள். ஃபார்பால் எஸ்டர் டிஎன்ஏவை நேரடியாகக் கெடுக்கும் பொருளல்ல. இடையில் நிறுத்திவிட்டால் பல பாப்பிலோமாக்கள் சுருங்கியும் போயின. தொடர்ந்து கொடுப்பதில்தான் அதன் சக்தி. நேர்வாள விதை கடுமையான நஞ்சு என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுத்தி முறைகளுக்குப் பிறகு ஃபார்பால் எஸ்டர் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து பார்ப்பது உங்கள் துறையில் ஒருவர் எடுத்துச் செய்யத் தகுந்த ஆய்வு. நீங்களே செய்யலாமே?

வேப்பம்பூ

மேற்படிப்புக்குப் போனால் நிச்சயம் கேட்டுப் பார்க்கிறேன் ஐயா. நன்றி.

பனங்காடு

நான் அறிவியல் படித்தவன் இல்லை, எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், சரியா பாருங்கள். அடுப்பில் சாம்பலுக்கு அடியில் தணல் கிடக்கிறது. ஊதுகுழலை வைத்து ஊதினால்தான் பற்றுகிறது. ஆன்கோஜீன் தணல், கொழுப்பு ஊதுகுழல். அப்படித்தானே?

நுண்ணோக்கி

பாதி தூரம் சரியாக வந்துவிட்டீர்கள் அண்ணா. மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது. இங்கே தணலே தனக்கான ஊதுகுழலைச் செய்துகொள்கிறது. எலித் தோலில் எண்ணெயை மனிதர் வெளியிலிருந்து தடவினார். உண்மையான கட்டியில் அந்தக் கொழுப்பை ஆன்கோஜீனே தயாரிக்க வைக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

செல்சவ்வில் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் கட்டுண்டு கிடக்கிறது. 20 கார்பன், 4 இரட்டைப் பிணைப்பு. பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதி அதை வெட்டி விடுவிக்கிறது. ராஸ் மாறியிருக்கும் செல்லில் ராஸுக்குக் கீழே உள்ள இஆர்கே நொதி எப்போதும் முடுக்கத்தில் இருக்கும். அந்த இஆர்கே நேராகப் பாஸ்போலிபேஸ் ஏ2வின் மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றி அதன் வேகத்தைக் கூட்டுகிறது. விடுபட்ட அராக்கிடோனிக் அமிலத்தைக் காக்ஸ் நொதிகள் (காக்ஸ்-1, காக்ஸ்-2 என்று இரண்டு) பிடித்து, அடுத்த சில படிகளில் புரோஸ்டாகிளாண்டின் இ2 ஆக்குகின்றன. இனிமேல் இதை பிஜிஇ2 என்றே எழுதுகிறேன்.

காக்ஸ்-2 கண்டுபிடிக்கப்பட்ட கதையைக் கேளுங்கள். 1991இல் இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியாக அதைப் பிடித்தன. ஒன்றில், டேனியல் சிம்மன்ஸ் குழு, சார்க் ஆன்கோஜீனால் மாற்றப்பட்ட கோழிச் செல்களில் புதிதாக எந்த மரபணு எழுகிறது என்று தேடிக்கொண்டிருந்தது. இன்னொன்றில், ஹார்வி ஹெர்ஷ்மன் குழு, எலிச் செல்களுக்கு டிபிஏ கொடுத்து, அதனால் எழும் மரபணுக்களைத் தேடிக்கொண்டிருந்தது. ஒருவர் ஆன்கோஜீன் வழியாகப் போனார், மற்றவர் ஃபார்பால் எஸ்டர் வழியாகப் போனார். இருவரும் ஒரே நொதியில் போய் நின்றார்கள். இந்த இழையின் தலைப்புக் கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பிஜிஇ2 செல்லை விட்டு வெளியே போகும். தன்னைச் செய்த செல்லின் வெளிப்புறத்திலேயே இருக்கும் ஏற்பிகளில் (இபி2, இபி4 இரண்டும் இங்கே முக்கியம்) வந்து ஒட்டும், பக்கத்துச் செல்லிலும் ஒட்டும். பெருங்குடல் செல்லில் அதன் பிறகு என்ன நடக்கிறது என்பதை 2005இல் சில்வியோ கட்கைண்ட் குழு காட்டியது. பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தைப் பிடித்து அழிக்க ஒரு புரதக் கூட்டம் உண்டு. அதில் ஏபிசியும் ஆக்ஸினும் அங்கங்கள். ஏபிசி கெட்டுப்போன செல்லில் அந்தக் கூட்டம் ஏற்கெனவே பலவீனம். பிஜிஇ2 வந்து ஏற்பியைத் தட்டியதும் உள்ளே செய்தி கடத்தும் ஜி புரதத்தின் ஒரு துண்டு ஆக்ஸினைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. மிச்சமிருந்த காவலும் தளர்கிறது. பீட்டா-கேட்டனின் உட்கருவுக்குள் போய்ப் பெருக்க மரபணுக்களை எழுப்புகிறது. ஆக, மரபணுக் கோளாறும் கொழுப்புச் சமிக்ஞையும் ஒரே புரதக் கூட்டத்தை இரண்டு பக்கத்திலிருந்து அடிக்கின்றன.

சாளரம்

எலியில் காட்டினார்களா, வெறும் செல் வளர்ப்பில் பார்த்ததா?

நுண்ணோக்கி

காட்டினார்கள். 1996, ஜப்பானில் மகோடோ தகேதோ குழு. ஏபிசி மரபணு உடைந்த எலிகள், குடலில் சராசரியாக 652 பாலிப்கள் (குடல் சுவரில் முளைக்கும் சிறு கட்டிகள்). அதே எலிகளில் காக்ஸ்-2 மரபணுவின் ஒரு பிரதியை எடுத்தபோது 224 ஆனது. இரண்டு பிரதியையும் எடுத்தபோது 93. ஏபிசி கோளாறு மூன்று கூட்டத்திலும் அப்படியே இருக்கிறது. மாறியது கொழுப்பைச் செய்யும் நொதி மட்டும்.

ஸ்லைடும் பிளாக்கும்

நான் நோயியல் மருத்துவர். நல்ல இழை, தொடருங்கள். மனிதர்கள் பக்கம் நான் சேர்க்கிறேன்.

பெருங்குடல் புற்றில் காக்ஸ்-2 ஏறியிருப்பதை 1994இல் ரேமண்ட் டுபோய் குழு முதலில் காட்டியது. புற்றுகளில் சுமார் 85 சதவீதத்தில், புற்றாக மாறாத அடினோமாக்களில் ஏறக்குறைய பாதியில். அதற்கும் முன்பே ஆஸ்பிரின் பற்றிய குறிப்புகள் இருந்தன. 1988இல் மெல்போர்னில் கேப்ரியேல் கூன் ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்குப் பெருங்குடல் புற்று குறைவாக இருப்பதை எழுதினார். 1991இல் அமெரிக்காவில் 6,62,424 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், மாதம் 16 முறையோ அதற்கு மேலோ ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றால் சாவு சுமார் 40 சதவீதம் குறைவு. ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்துகிறது என்பதை ஜான் வேன் 1971லேயே காட்டிவிட்டார், அதற்குத்தான் 1982 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு. எனவே நூல் பிடித்துப் போவது எளிதாக இருந்தது.

குடும்ப வழியாக நூற்றுக்கணக்கில் பாலிப் வரும் எஃப்ஏபி நோயாளிகளுக்கு, காக்ஸ்-2ஐ மட்டும் அடைக்கும் செலிகாக்சிப்பைத் தினம் இரண்டு வேளை 400 மி.கி. என்று ஆறு மாதம் கொடுத்தபோது பாலிப் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது (2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு). அந்த நாட்களில் துறை முழுக்க ஒரே உற்சாகம்.

பிறகு அடி விழுந்தது. ரோஃபிகாக்சிப், வியாக்ஸ் என்ற பெயரில் விற்றது, பாலிப் திரும்ப வராமல் தடுக்குமா என்று 2,586 பேரிடம் சோதித்தார்கள். 18 மாதத்துக்குப் பிறகு மருந்து எடுத்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடின. மொத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2004 செப்டம்பர் 30 அன்று மருந்து சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. காரணமும் கொழுப்புச் சமிக்ஞைதான். ரத்தக்குழாயின் உட்சுவர் காக்ஸ்-2 மூலம் புரோஸ்டாசைக்ளினைச் செய்கிறது, அது ரத்தம் உறைவதைத் தடுக்கிறது. தட்டணுக்கள் காக்ஸ்-1 மூலம் த்ராம்பாக்சேனைச் செய்கின்றன, அது உறைய வைக்கிறது. முதலாவதை மட்டும் அடைத்தால் சமநிலை உறைதல் பக்கம் சாய்கிறது. ஒரே அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து வரும் இரண்டு பிள்ளைகள் எதிரெதிர் வேலை செய்கின்றன. கட்டியை மட்டும் பார்த்து இந்த வழியை அடைக்க முடியாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நிலாமுற்றம்

எல்லோருக்கும் வணக்கம். நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி எடுத்து, மூன்றாம் நிலை என்று கீமோவும் முடிந்துவிட்டது. உறவுக்காரர் ஒருவர் 'தினமும் ஆஸ்பிரின் கொடு, திரும்ப வராது' என்கிறார். இந்த இழையைப் படித்த பிறகு அதில் ஏதோ அர்த்தம் இருக்கும்போலத் தோன்றுகிறது. டாக்டர், கொடுக்கலாமா?

ஸ்லைடும் பிளாக்கும்

நிலாமுற்றம், அம்மா நலமாக இருக்கட்டும். நீங்களாகத் தொடங்க வேண்டாம். உறவினர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது, ஆனால் அது எல்லாக் கட்டிக்கும் பொருந்தாது. ஏன் என்பதைச் சொல்கிறேன், அதை வைத்து உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

2012இல் ஹார்வர்டைச் சேர்ந்தவர்கள் 964 பெருங்குடல் புற்று நோயாளிகளின் கட்டித் திசுவைப் பார்த்தார்கள். பிஐகே3சிஏ என்ற மரபணுவில் மாற்றம் இருந்தவர்களில், நோய் தெரிந்த பிறகு ஆஸ்பிரின் எடுத்தவர்களில் ஐந்து ஆண்டுக்குள் இறந்தவர் 3 சதவீதம், எடுக்காதவர்களில் 26 சதவீதம். மாற்றம் இல்லாதவர்களிடம் ஆஸ்பிரினால் அப்படி ஒரு பலன் தெரியவில்லை. பின்னால் வந்த எல்லா ஆய்வும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை, அதனால் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் சோதனைக்காகப் பல வருடம் காத்திருந்தோம்.

அது 2025இல் வந்தது. ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து, நார்வே நான்கு நாடுகளில், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் அன்னா மார்ட்லிங் தலைமையில் நடந்த அலாஸ்கா சோதனை. அறுவை முடிந்தவர்களின் கட்டியில் முதலில் மரபணுவைப் பார்த்தார்கள். 37 சதவீதத்தில் பிஐ3கே பாதையில் (பிஐகே3சிஏ மரபணு செய்யும் நொதி இயக்கும் சமிக்ஞைத் தொடர்) ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. அப்படிப்பட்ட 626 பேரைப் பிரித்து, மூன்று ஆண்டு தினமும் 160 மி.கி. ஆஸ்பிரின் அல்லது வெற்று மாத்திரை. பிஐகே3சிஏவின் முக்கிய இடங்களில் மாற்றம் இருந்தவர்களில் மூன்று ஆண்டுக்குள் நோய் திரும்பியது ஆஸ்பிரினில் 7.7 சதவீதம், வெற்று மாத்திரையில் 14.1. பாதையில் வேறு மாற்றம் இருந்தவர்களில் 7.7க்கு எதிராக 16.8. ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதே நேரம் கடுமையான பக்க நிகழ்வுகள் ஆஸ்பிரின் பக்கம் 16.8 சதவீதம், மறுபக்கம் 11.6. இந்த எண்ணையும் கூடவே மனதில் வையுங்கள்.

மரபணுவைப் பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்தால்? அஸ்கோல்ட் என்ற சோதனை அதைத்தான் செய்தது. இந்தியா உட்பட 11 நாடுகள், 1,587 பேர், தினம் 200 மி.கி. நோய் திரும்பாமல் இருப்பதில் தெளிவான பலன் எதுவும் கிடைக்கவில்லை.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி 'ஆஸ்பிரின் கொடுக்கலாமா' என்பதல்ல. 'அம்மாவின் கட்டியில் பிஐகே3சிஏ பார்த்தார்களா' என்பதே. அம்மாவுக்கு வயிற்றுப்புண், ரத்தக்கசிவு, சிறுநீரகக் கோளாறு எதுவும் உண்டா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நிலாமுற்றம்

ரொம்ப நன்றி டாக்டர். வயது 66, அல்சர் முன்பு இருந்தது. ரிப்போர்ட்டில் எம்எஸ்ஐ என்று ஒன்று பார்த்திருக்கிறார்கள், நீங்கள் சொல்லும் பெயர் இல்லை. அடுத்த முறை போகும்போது கேட்கிறேன்.

கேள்விக்குறி

நான் குறுக்கே ஒரு தடை எழுப்புகிறேன், கோபிக்க வேண்டாம். நுண்ணோக்கி சொன்னது பிஜிஇ2 கதை, கட்டிச் செல்லுக்குள் இருக்கும் காக்ஸ்-2 கதை. டாக்டர் சொன்னது 160 மி.கி. ஆஸ்பிரின். இந்த அளவு ஆஸ்பிரின் பெரும்பாலும் தட்டணுவின் காக்ஸ்-1ஐத்தான் தாக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்ய முடியாது, அதனால் சிறிய அளவே அதன் ஆயுள் முழுக்கப் போதும். மற்ற செல்கள் சில மணி நேரத்தில் புது நொதி செய்துகொள்ளும். அப்படியிருக்க இந்தப் பலன் கட்டிச் செல்லின் பிஜிஇ2 குறைந்ததால்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இரண்டு உண்மையை அருகருகே வைத்து ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆக்கிவிட்டதுபோல் இருக்கிறது.

இன்னொன்று. ஆஸ்பிரீ சோதனையில் 19,114 முதியவர்களுக்கு 100 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள், பெரும்பாலோர் 70 வயது தாண்டியவர்கள். ஆஸ்பிரின் பக்கம் புற்றுநோய்ச் சாவு கூடியிருந்தது, 3.1க்கு எதிராக 2.3 சதவீதம். கொழுப்புச் சமிக்ஞையை அடைத்தால் புற்று குறையும் என்றால் இது ஏன் இப்படி வந்தது?

நுண்ணோக்கி

கோபம் ஏன், இந்தக் கேள்விக்காகத்தான் இழை தொடங்கினேன்.

தட்டணு பற்றி நீங்கள் சொன்னது சரி. அதற்கு 2025 மார்ச்சில் ஒரு வலுவான ஆதரவும் வந்தது. கேம்பிரிட்ஜில் ராகுல் ராய்சவுத்ரி குழு, தட்டணு வெளியிடும் த்ராம்பாக்சேன் ஏ2, நோயெதிர்ப்புக் காவலர்களான டி செல்களை அடக்குகிறது என்று எலிகளில் காட்டியது. டி செல்லுக்குள் ஏஆர்ஹெச்ஜெஃப்1 என்ற புரதம் வழியாக அடக்குமுறை நடக்கிறது. ஆஸ்பிரின் கொடுத்தால் அந்தப் பிடி தளர்ந்து, வேறிடம் பரவிய தனிச் செல்களை டி செல்கள் அழிக்கின்றன. அதுவும் கொழுப்புச் சமிக்ஞைதான், ஆனால் கட்டிச் செல்லை வளர்ப்பதில்லை, காவலை மழுக்குகிறது.

ஆனால் தட்டணுக் கதை மட்டும் என்றால் ஒரு முடிச்சு அவிழவில்லை. பலன் ஏன் பிஐ3கே மாற்றம் உள்ளவர்களிடம் கூடுகிறது? தட்டணுவுக்குக் கட்டியின் மரபணு தெரியாது. கட்டிக்குள் இருக்கும் ஏதோ ஒன்றுதான் பிரிக்கிறது. இங்கே சிஏஎல்ஜிபி 80702 சோதனையைப் பாருங்கள். மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்று, 2,526 பேர், கீமோவோடு செலிகாக்சிப். செலிகாக்சிப் தட்டணுவின் காக்ஸ்-1ஐத் தொடுவதில்லை. மொத்தத்தில் பலன் இல்லை என்று 2021இல் எழுதினார்கள். பிறகு திசுவில் மரபணுவைப் பார்த்தபோது பிஐகே3சிஏ மாறியவர்களிடம் பலன் தெரிந்தது. தட்டணுவை விட்டுவிட்டு காக்ஸ்-2ஐ அடைத்தும் அதே மரபணுக் கூட்டம் தனியாகத் தெரிகிறது. இது பிறகு பார்த்த துணைக்குழு என்ற குறை இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் கட்டிச் செல்லின் பிஜிஇ2 கதையை இது உயிரோடு வைத்திருக்கிறது. தலை, கழுத்துப் புற்றிலும் ஜெனிஃபர் கிராண்டிஸ் குழு 2019இல் பிஐகே3சிஏ மாறிய செல்கள் காக்ஸ்-2ஐயும் பிஜிஇ2ஐயும் ஏற்றுகின்றன, வலி நிவாரணி எடுத்தவர்கள் நீண்ட நாள் இருந்தார்கள் என்று காட்டியது. வாய்ப்புற்று நம் ஊரில் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும், அதனால் இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

ஆஸ்பிரீ பற்றி: அது ஆரோக்கியமான முதியவர்களிடம் தொடங்கியது, யாருடைய கட்டிக்கும் மரபணு பார்த்துக் கொடுத்ததல்ல. அந்த முடிவு ஏன் வந்தது என்று இன்னும் வாதம் நடக்கிறது. என் வாதத்துக்கு அது இடைஞ்சல் என்று ஒதுக்கவில்லை. எந்தச் செல்லில், எந்த ஆன்கோஜீனோடு, எந்த வயதில் என்று கேட்காமல் ஒரு கொழுப்புச் சமிக்ஞையை அடைக்கக் கூடாது என்பதைத்தான் அது சொல்கிறது.

கேள்விக்குறி

செலிகாக்சிப் துணைக்குழு எனக்குத் தெரியாது. அது நல்ல பதில். என் சந்தேகம் பாதி குறைந்தது, பாதி இருக்கிறது. துணைக்குழு என்பதற்காகத் தனிச் சோதனை வரும்வரை வைத்திருப்பேன்.

ஓடைக்கரை

நான் சூலகப் (சினைப்பை) புற்றில் ஆய்வு செய்கிறேன். பிஜிஇ2 மட்டுமே பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சூலகப் புற்றில் வயிற்றில் நீர் கோர்க்குமே, அந்த நீரில் லைசோபாஸ்பாடிடிக் அமிலம் என்ற கொழுப்பு, சுருக்கமாக எல்பிஏ, ஏராளமாக இருக்கிறது. அதைச் செய்யும் நொதி ஆட்டோடாக்சின். 1992இல் மெலனோமா (தோல் நிறமிச் செல் புற்று) செல்களை நகர வைக்கும் பொருள் என்றுதான் அதைக் கண்டுபிடித்தார்கள். அது என்ன வேலை செய்கிறது என்பது பத்து ஆண்டு தெரியவில்லை. 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அது எல்பிஏ செய்யும் நொதி என்று காட்டியதும் எல்லாம் ஒரே நொடியில் பொருந்தியது. செல்லை நகர்த்தியது அந்த நொதி அல்ல, அது செய்த கொழுப்பு. எல்பிஏவுக்கு ஆறு ஏற்பிகள். அவற்றின் வழியாக ஒய்ஏபி என்ற பெருக்கப் புரதம் விழிக்கிறது என்று 2012இல் குன்-லியாங் குவான் குழு எழுதியது. ரத்த சீரத்தை ஊற்றினால் செல்கள் ஏன் துள்ளி வளர்கின்றன என்ற பழைய கேள்விக்கும் பெரிய பகுதி விடை அதுவே.

இன்னொன்று ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்ற கொழுப்பு. 2000இல் ஆஸ்திரேலியாவில், இதைச் செய்யும் ஸ்பிங்கோசின் கைனேஸை எலி நார்ச்செல்களில் மிகையாக ஏற்றியபோது அந்தச் செல்களே புற்றுத் தன்மை அடைந்தன. ராஸ் மூலம் மாறிய செல்களில் அந்த நொதியை அடைத்தபோது மாற்றம் தளர்ந்தது. நுண்ணோக்கி பாஸ்போலிபேஸில் சொன்ன அதே இஆர்கே இந்த நொதியையும் பாஸ்பேட் ஏற்றித் தூண்டுகிறது. ராஸ் ஒரே கையால் இரண்டு கொழுப்புக் கதவைத் திறக்கிறது.

சாளரம்

பிஐகே3சிஏ என்று இவ்வளவு பேசுகிறீர்களே, அது செய்வதும் ஒரு கொழுப்புதானே?

ஓடைக்கரை

ஆமாம், சாளரம் தொட்ட இடம் சரி. அந்த மரபணு செய்யும் நொதி செல்சவ்வின் உட்புறத்தில் பிப்3 என்ற கொழுப்பைச் செய்கிறது. 1988இல் லூயிஸ் கேன்ட்லி குழு இந்த நொதி எந்த இடத்தில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது என்று காட்டியபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1997இல் பிடென் என்ற புற்றடக்கி மரபணு கிடைத்தது. அடுத்த ஆண்டே பிடெனின் வேலை பிப்3இலிருந்து அந்த பாஸ்பேட்டை எடுப்பது என்று தெரிந்தது. செய்யும் கை ஆன்கோஜீன், அழிக்கும் கை புற்றடக்கி, நடுவில் ஒரே ஒரு கொழுப்பு. 2004இல் பெருங்குடல் உட்படப் பல கட்டிகளில் பிஐகே3சிஏ மாறியிருப்பது வெளிவந்தது. 2019இல் மார்பகப் புற்றுக்கு, இந்த நொதியை அடைக்கும் அல்பெலிசிப் அனுமதி பெற்றது. அந்த மருந்தில் ரத்தச் சர்க்கரை ஏறும், ஏனென்றால் இன்சுலின் செய்தியைச் செல்லுக்குள் கொண்டுபோவதும் இதே பிப்3தான். நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் அதிகம், இந்த மருந்தைத் தொடங்குமுன் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

பனங்காடு

சரி, சமையலறைக்கு வாருங்கள். சூரியகாந்தி எண்ணெயை விட்டுவிட்டு நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய்க்குப் போய்விடலாமா? அராக்கிடோனிக் அமிலம் லினோலெயிக் அமிலத்திலிருந்துதானே வருகிறது?

நுண்ணோக்கி

வேதியியல் பாதை நீங்கள் சொன்னதுதான் அண்ணா. ஆனால் சாப்பாட்டில் லினோலெயிக் அமிலத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் பெரியவர்களின் உடலில் அராக்கிடோனிக் அமில அளவு பெரிதாக மாறுவதில்லை, உடல் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. நல்லெண்ணெயிலும் லினோலெயிக் அமிலம் கணிசமாக உண்டு. 2025இல் நியூயார்க்கிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. லினோலெயிக் அமிலம் எஃப்ஏபிபி5 என்ற புரதத்தோடு சேர்ந்து, செல் வளர்ச்சியை முடுக்கும் எம்டார் பாதையை நேரடியாகத் தூண்டுகிறது, அந்தப் புரதம் அதிகமாக உள்ள மூவெதிர் (டிரிபிள் நெகட்டிவ்) மார்பகப் புற்றை எலிகளில் வளர்க்கிறது என்று. மிக அழகான வேலை. ஆனால் அங்கேயும் அந்தப் புரதம் நிறைந்த கட்டி வகை வேண்டும். வீட்டில் எண்ணெய் டின்னை மாற்றுவதற்கு அது போதாது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமல் இருங்கள், உடல் எடையைப் பாருங்கள். உடற்பருமன் பெருங்குடல் புற்று ஆபத்தைக் கூட்டுகிறது என்பதில் சந்தேகமில்லை.

நிலாமுற்றம்

டாக்டர், மருத்துவரிடம் கேட்டேன். பிஐகே3சிஏ பார்க்கலாம் என்றார், ஆனால் அறுவை வேறு மருத்துவமனையில் நடந்தது. மறுபடி ஊசி போட்டுத் திசு எடுக்க வேண்டுமா? அம்மா பயப்படுகிறார்.

ஸ்லைடும் பிளாக்கும்

வேண்டாம் நிலாமுற்றம், மறுபடி குத்த வேண்டிய அவசியம் இல்லை. அறுவையில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து பிளாக்காக வைத்திருப்பார்கள். மரபணுச் சோதனைக்கு அதுவே போதும். அறுவை நடந்த மருத்துவமனையின் நோயியல் பிரிவில், அம்மாவின் பயாப்ஸி எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். கட்டி அதிகம் உள்ள பிளாக் எது என்று அங்கேயே மருத்துவரைக் குறித்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சோதனைக்கூடம் 'திசு போதவில்லை' என்று திருப்பி அனுப்பும். அறுவைக்கு முன் கீமோ கொடுத்திருந்தால் கட்டி சுருங்கியிருக்கும், அப்போது முதல் பயாப்ஸி பிளாக்கையும் சேர்த்து வாங்குங்கள். ரிப்போர்ட்டில் பிஐகே3சிஏவோடு அதே பாதையைச் சேர்ந்த பிஐகே3ஆர்1, பிடென் இரண்டும் சேருமா என்று கேளுங்கள், அலாஸ்காவில் இரண்டாம் குழுவில் அவையும் இருந்தன. அல்சர் பழைய எண்டாஸ்கோப்பி ரிப்போர்ட் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். மாற்றம் இருந்தாலும் ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்பதை அந்தக் காகிதம்தான் முதலில் முடிவு செய்யும்.